பழைய கார், பெரிய பில்: எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

வீட்டில் பத்துப் பதினைந்து வயதுக் கார் ஒன்று இருந்தால் இந்த வாக்குவாதம் ஒருமுறையாவது நடந்திருக்கும். ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. "வெளிப் பட்டறையிலேயே பார்த்துக்கொள்ளலாம். சர்வீஸ் சென்டருக்குப் போனால் மொட்டையடித்து அனுப்புவார்கள்" என்கிறார் அப்பா. "கண்ட இடத்தில் கொடுத்து இன்னும் கெடுத்துவிடாதீர்கள், கம்பெனிக்கே அனுப்புங்கள்" என்கிறார் அம்மா. இருவரும் பழக்கத்தை வைத்துத்தான் பேசுகிறார்கள். அந்த விளக்கு ஏன் எரிகிறது என்ற கேள்வியை இன்னும் யாருமே கேட்கவில்லை.

பழைய காருக்குச் சேவை மையத்தின் விலையைக் கொடுக்கலாமா? உத்தரவாதக் காலம் முடியாத கார் என்றால் யோசிக்கவே வேண்டாம், அங்கேயே போகலாம். அது முடிந்து பல ஆண்டுகள் ஆன கார்களுக்குத்தான் இந்தக் கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு அந்த விலையைக் கொடுக்கலாம். உயிரைக் காக்கும் ஒருசில பாகங்களுக்கும் கொடுக்கலாம். மற்ற பெரும்பாலான வேலைகளுக்கு அது தேவையில்லை.

பணம் கட்டப்போவது பெற்றோர். இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று நினைக்கலாம். அந்தக் காரின் பின் இருக்கையில் நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். 17 வயதானதும் ஓட்டுநர் உரிமம் எடுத்து அதே காரை ஓட்டப்போவதும் பெரும்பாலும் நீங்கள்தான். அதோடு, பில்லைப் புரிந்துகொள்ளத் தேவையான அறிவியலைக் குடும்பத்திலேயே அண்மையில் படித்தவர்களும் நீங்கள்தான்.

பில்லில் அச்சிடப்படாத பொருள்

சேவை மையத்தின் பில்லில் இரண்டு வகைச் செலவுகள் அச்சிடப்பட்டிருக்கும்: பாகத்தின் விலை, வேலைக்கூலி. மூன்றாவதாக ஒரு பொருளையும் நாம் வாங்குகிறோம். 'கோளாறு இதுதான்' என்ற தகவல் அது. அதற்குத் தனி வரி பெரும்பாலும் இருக்காது. ஆனால் பழைய காரைப் பொறுத்தவரை மூன்றிலும் மதிப்புமிக்கது அதுதான்.

முதலில் பாகங்கள். கார் நிறுவனங்கள் எல்லாப் பாகங்களையும் தாங்களே செய்வதில்லை. ஸ்பார்க் பிளக், பேட்டரி, பேரிங், பெல்ட், பிரேக் பேட் போன்றவற்றை அந்தத் துறையிலேயே பெயர்பெற்ற நிறுவனங்களிடமிருந்து வாங்கிப் பொருத்துகிறார்கள். ஸ்பார்க் பிளக் தயாரிக்கும் என்ஜிகே, மின் பாகங்கள் தயாரிக்கும் டென்சோ ஆகியவை தங்கள் சொந்தப் பெட்டியிலும் பொருள்களை விற்கின்றன. கார் நிறுவனத்தின் பெயர் போட்ட பெட்டியில் அதே வகைப் பொருள் வந்தால் விலை ஏறிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டு உதிரிப் பாகக் கடையில் வாங்குவது கஞ்சத்தனம் ஆகாது. ஒரே ஓர் எச்சரிக்கை: பிரபலமான பெயர்களுக்குப் போலிகளும் அதிகம். நம்பமுடியாத அளவுக்கு விலை குறைவாக இருந்தால், நம்பாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது வேலைக்கூலி. சேவை மையங்களில் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே கணக்கு வைத்திருப்பார்கள். குளிர்சாதனம் போட்ட காத்திருப்பு அறை, பளபளக்கும் தரை, இலவசக் காப்பி எல்லாம் அந்த மணிக்கூலிக்குள் அடங்கியவை. (காப்பி இலவசம் இல்லை என்று என் மாணவர் ஒருவர் கணக்குப் போட்டே காட்டினார்.)

இன்னொரு வேறுபாடும் உண்டு. சேவை மையங்கள் பெரும்பாலும் பாகத்தை முழுதாக மாற்றும். பிரித்துப் பழுதுபார்ப்பது அரிது. அல்டர்னேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் சுழலும்போது மின்சாரம் உற்பத்தி செய்து பேட்டரிக்கு ஏற்றும் கருவி அது. பள்ளியில் படிக்கும் மின்காந்தத் தூண்டலின் வீட்டு வாசல் உதாரணம். அதனுள்ளே கார்பன் துண்டுகள் இரண்டு சுழலும் வளையங்களின் மேல் உரசிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் உரசினால் பென்சில் முனைபோல் தேயும். தேய்ந்தது அந்தச் சிறு துண்டுகள் மட்டும்தான் என்றால், மின்வேலை தெரிந்த வெளிப் பட்டறைக்காரர் அவற்றையும் பேரிங்கையும் மாற்றிக் கொடுத்துவிடுவார். சேவை மையத்தில் முழு அல்டர்னேட்டரையும் புதிதாகப் போடச் சொல்வார்கள். அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. முழுப் பாகத்துக்குத்தான் அவர்களால் உத்தரவாதம் தரமுடியும், அதனால் அப்படிச் செய்கிறார்கள். அந்த உத்தரவாதத்துக்கு அத்தனை விலை கொடுக்க வேண்டுமா என்பதை நாம்தான் முடிவு செய்யவேண்டும்.

அல்டர்னேட்டர் கெட்டதா, பேட்டரி கெட்டதா என்பதையே பலர் கலந்து குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு மல்டிமீட்டர் போதும். நிறுத்தி வைத்த காரில், நன்றாக மின்னேற்றம் பெற்ற பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். ஆறு கலங்கள், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட், பெருக்கிப் பாருங்கள். இயந்திரத்தை இயக்கிய பிறகு அதே இடத்தில் பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வரவேண்டும். ஏறாமல் 12-லேயே நின்று இறங்கிக்கொண்டே போனால் பேட்டரிக்கு மின்சாரம் வந்து சேரவில்லை என்று பொருள். அந்த நிலையில் புதுப் பேட்டரி வாங்கினால், அடுத்த வாரம் அதுவும் செத்துக் கிடக்கும். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு மட்டுமே இதைச் செய்யுங்கள். மீட்டரின் முனைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. பக்கத்தில் யாரும் புகைபிடிக்கக்கூடாது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறக்கூடும்.

குறியீடு நோயல்ல

இனி அந்த மஞ்சள் விளக்கு. இயந்திர விளக்கு எரிந்தால், ஸ்டீயரிங்கின் கீழ்ப்பகுதியில் இருக்கும் சோதனைத் துளையில் ஒரு கருவியைச் செருகிக் குறியீட்டைப் படிப்பார்கள். பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் சரியாக நடக்கவில்லை. பி 0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இந்தக் கருவிகள் இணையத்தில் சில பத்து வெள்ளிக்கே கிடைக்கின்றன. வெளிப் பட்டறைகளிலும் இப்போது இல்லாத இடமில்லை. பிறகு எதற்குச் சேவை மையம் என்று கேட்கலாம்.

பி 0171-ஐ மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் உணரி, எரிந்தது போக எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மிச்சம் அதிகம் என்றால் கணினி பெட்ரோலைக் கூட்டும். கூட்டிக் கூட்டி ஓர் எல்லையைத் தாண்டியும் சரிவராவிட்டால், கணினி விளக்கை எரியவிட்டு இந்தக் குறியீட்டைப் பதிவுசெய்யும்.

இப்போது, குறியீட்டைப் படித்துவிட்டு "ஆக்சிஜன் சென்சர் போய்விட்டது, மாற்றவேண்டும்" என்று சொல்லும் ஆள்கள் உண்டு. இது காய்ச்சலைக் காட்டிய வெப்பமானியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய வெப்பமானி வாங்குவதைப் போன்றது. அளவி உண்மையைத்தான் சொல்லியிருக்கலாம். காற்றுக் குழாயில் வெடிப்பு இருந்து அதன் வழியே கணக்கில் வராத காற்று நுழையலாம். பெட்ரோல் பம்ப் பலவீனமாகி இருக்கலாம். பெட்ரோல் பீய்ச்சும் முனை அடைத்திருக்கலாம். உள்ளே வரும் காற்றை அளக்கும் உணரியில் தூசி படிந்திருக்கலாம்.

இவற்றில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காற்றோட்டத்தை அளக்கும் உணரி பொருத்திய கார்களில் ஓர் அழகான வழி உண்டு. கணினி எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டுகிறது என்பதை, வண்டி நின்றபடி மெதுவாக இயங்கும்போது ஒருமுறை பார்க்கவேண்டும். நிமிடத்துக்கு 2,500 சுற்றுகளுக்கு உயர்த்தி இன்னொருமுறை பார்க்கவேண்டும். குழாயில் ஓட்டை என்றால், மெதுவாக இயங்கும்போது கூட்டல் அதிகமாக இருக்கும், வேகமாக இயங்கும்போது குறைந்துவிடும். ஓட்டை வழியே வரும் காற்று, குறைந்த காற்றோட்டத்தில் பெரிய பங்கு. நிறைந்த காற்றோட்டத்தில் சிறிய பங்கு. வெறும் விகிதக் கணக்கு! மாறாக, பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தால் வேகம் கூடும்போதுதான் பற்றாக்குறை பெரிதாகும்.

தமிழ்ப்பள்ளியில் கருதுகோள், தற்சார்பு மாறி, சார்பு மாறி என்று எழுதிப் பழகியிருப்பீர்கள். இங்கே இயந்திரத்தின் வேகம் தற்சார்பு மாறி, பெட்ரோல் கூட்டப்படும் விழுக்காடு சார்பு மாறி. ஒரு நல்ல மெக்கானிக் செய்வது இதே ஆராய்வைத்தான். பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப்பார்த்து விளக்கு அணைகிறதா என்று காத்திருப்பதையும் சிலர் சோதனை என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்தச் சோதனையின் செலவு முழுவதும் உங்கள் வீட்டுப் பணம்.

சேவை மையத்தின் உண்மையான பலம் இங்கேதான். அந்த வகைக் காருக்கென்றே உருவாக்கிய சோதனைக் கருவி, மின்கம்பி வரைபடங்கள், எந்த இடத்தில் எவ்வளவு மின்னழுத்தம் இருக்கவேண்டும் என்று எழுதிய கையேடு, அதே மாதிரிக் கார்களில் அடிக்கடி வரும் கோளாறுகளைப் பற்றி நிறுவனம் அனுப்பிய குறிப்புகள் ஆகியவை அவர்களிடம் இருக்கின்றன. இயந்திரம் மட்டுமல்ல, ஏபிஎஸ் பிரேக், காற்றுப்பை, கியர் பெட்டி ஆகியவற்றின் கணினிகளோடும் அந்தக் கருவி பேசும். மலிவுக் கருவிகளில் பல இதைச் செய்வதில்லை.

என்னோடு வேலை செய்யும் ஆசிரியை ஒருவரின் கதை இதற்குப் பொருந்தும். அவரின் கார் 14 வயதானது. சாலை நெரிசலில் நின்றால் வெப்பமுள் ஏறும். விரைவுச்சாலையில் ஓடினால் இறங்கிவிடும். வெளிப் பட்டறையில் முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். இரண்டு வாரம் கழித்து வாட்டர் பம்ப். பிறகு விசிறி மோட்டார். மூன்று தடவையும் சேர்த்து 900 வெள்ளிக்கு மேல் போய்விட்டது; முள் ஏறுவது நிற்கவில்லை. பொறுமை இழந்து சேவை மையத்துக்குப் போனார். 130 வெள்ளி சோதனைக் கட்டணம். குளிர்விக்கும் அமைப்பில் காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்தார்கள். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைக்கவில்லை; மேல் ரப்பர் குழாயில் மெல்லிய வெடிப்பு ஒன்றும் இருந்தது.

ஒரு மூடிக்கு இவ்வளவு ஆட்டமா? அது வெறும் மூடியன்று, அழுத்த வால்வு. வழக்கமான காற்றழுத்தத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். பல ஜப்பானிய வகைக் கார்களில் ரேடியேட்டர் மூடி கூடுதலாக 1.1 பார் அழுத்தத்தைத் தாங்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ 121 பாகைக்கு உயர்ந்துவிடும். கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே போகும். மூடியின் சுருள்வில் தளர்ந்தாலோ ரப்பர் வளையம் காய்ந்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. இயந்திரத்தின் தலைப்பகுதியில் உலோகம் மிகவும் சூடாக இருக்கும் இடங்களில் நீர் கொதித்து நீராவிக் குமிழிகள் உண்டாகும். நீராவி, நீரைப்போல வெப்பத்தைக் கடத்திக்கொண்டு போகாது. முள் ஏறுகிறது. (ஒரு முக்கிய எச்சரிக்கை: சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விடுபட்ட அந்தக் கணத்திலேயே உள்ளிருக்கும் நீர் கொதித்து முகத்தில் அடிக்கும்.)

கதை அங்கே முடியவில்லை. சேவை மையம் கொடுத்த விலைப்பட்டியலில் மூடியும் குழாயும் மட்டுமல்ல, புதிய ரேடியேட்டர், எல்லாக் குழாய்கள், பெல்ட் எனப் பட்டியல் நீண்டு 2,400 வெள்ளியைத் தொட்டது. "பழைய கார், எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவது நல்லது" என்றார்களாம். அவர் சோதனைக் கட்டணத்தைக் கட்டினார், அறிக்கையைக் கையில் வாங்கினார், நன்றி சொல்லிவிட்டு வந்தார். மூடியையும் குழாயையும் வேறொரு பட்டறையில் மாற்றினார். செலவு 150 வெள்ளியைத் தாண்டவில்லை. அந்தக் கார் இன்றும் பள்ளி வளாகத்தில் என் காருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு "பார்த்தீர்களா, வெளிப் பட்டறைக்காரர்களே இப்படித்தான்" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே வெளிப் பட்டறைகளில்தான், ஓசையைக் கேட்டே பேரிங் கெட்டதா, மவுண்டிங் கெட்டதா என்று சொல்லும் போமன்களும் இருக்கிறார்கள். என் முன்னாள் மாணவர் ஒருவர் தொழிற்கல்லூரியில் வாகனத்துறை படித்துவிட்டு இப்போது சிறு பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார். பாகத்தை மாற்றச் சொல்வதற்கு முன் மீட்டரை எடுத்து அளந்து, எண்ணை வாடிக்கையாளருக்குக் காட்டுகிறார். வகுப்பில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தவர். பட்டறையின் வாசலில் எந்தப் பெயர்ப்பலகை தொங்குகிறது என்பதைவிட, உள்ளே அளக்கிறார்களா ஊகிக்கிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தேய்வதும் காய்வதும்

பழைய காரில் வரும் பெரும்பாலான செலவுகளுக்கு மர்மம் ஒன்றும் கிடையாது. ரப்பர் காய்ந்துபோகும். உரசும் பாகம் தேய்ந்துபோகும். அப்சோபர், அதன் புஷ், என்ஜின் மவுண்டிங், டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறை, பெல்ட் போன்றவை எல்லாம் இந்த வகை. நம் பாட்டி தாத்தாக்கள் தோட்டங்களில் சீவி எடுத்த பாலில் இருந்து வந்த இயற்கை ரப்பர், என்ஜின் மவுண்டிங் போன்ற பாகங்களில் இன்றும் பயன்படுகிறது. ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிபெறும் என்பதை சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். அந்தக் கந்தக இணைப்புகளையும் ரப்பரின் நீண்ட சங்கிலிகளையும் ஆக்சிஜனும் வெப்பமும் மெல்ல மெல்லக் கெடுக்கின்றன. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்ற தோராய விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெயிலில் நிறுத்திய காரின் என்ஜின் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்நாட்டுக் காரில் நீடிக்கும் ரப்பர், இங்கே அத்தனை காலம் நீடிக்க எந்த நியாயமும் இல்லை.

இத்தகைய பாகம் கெட்டது கண்ணுக்கே தெரியும். மாற்றும் முறையும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்குச் சேவை மையத்தின் மணிக்கூலியைக் கொடுப்பது வீண் என்பேன். பெயர்பெற்ற தயாரிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி, நம்பகமான வெளிப் பட்டறையில் போடுவதே போதும்.

டைமிங் பெல்ட்டை மட்டும் இந்தக் கும்பலில் சேர்த்துச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. புரோட்டோனின் பழைய கேம்புரோ இயந்திரங்களில் இருப்பது ரப்பர் பெல்ட். முதல் தலைமுறை மைவியின் 1.3 இயந்திரத்தில் இருப்பது உலோகச் சங்கிலி. பெல்ட் ஓடும்போது அறுந்தால், பல இயந்திரங்களில் மேலே வரும் பிஸ்டன், திறந்தபடி நிற்கும் வால்வை முட்டி வளைத்துவிடும். பிறகு பேச்சு பெல்ட்டின் விலையைப் பற்றி இருக்காது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பது காரின் கையேட்டில் இருக்கிறது. எங்கே மாற்றினாலும் சரி, அந்த எண்ணைத் தாண்டவிடக் கூடாது.

பிரேக் எண்ணெய் இன்னொரு விதிவிலக்கு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்கவேண்டும். ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்தத் தர எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கெந்திங் மலையிலிருந்து குறைந்த கியரைப் போடாமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால் சக்கரங்களில் எழும் வெப்பம் எண்ணெயைக் கொதிக்க வைக்கலாம். திரவத்தை அழுத்திச் சுருக்குவது கடினம், ஆவியை எளிதாகச் சுருக்கிவிடலாம். மிதி தரைவரை போகும், கார் நிற்காது. இதை மாற்ற ஆகும் செலவு சிறியது. வெளிப் பட்டறையிலேயே செய்யலாம். முத்திரை உடைக்காத டின்னை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். திறந்து வைத்த டின் ஏற்கெனவே ஈரத்தைக் குடித்திருக்கும்.

"அந்தக் காரே அவ்வளவுதானே பெறும்!"

பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் வாதம் இது. "காரை விற்றாலே 8,000 வெள்ளிதான் கிடைக்கும், அதற்கு 2,000 வெள்ளியில் ரிப்பேரா?" கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒப்பிடவேண்டியவை அந்த இரண்டு எண்கள் இல்லை. பழுதுபார்க்காவிட்டால் என்ன செய்யப்போகிறோம்? புதிய கார் வாங்குவோம். நம் நாட்டில் கார்க் கடன் ஒன்பது ஆண்டுகள் வரை நீள்கிறது. மாதத் தவணை 600 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 2,000 வெள்ளி என்பது நான்கு மாதத் தவணைக்கும் குறைவு. அந்தச் செலவுக்குப் பிறகு பழைய கார் இன்னும் ஓராண்டு ஒழுங்காக ஓடினாலே குடும்பத்துக்கு லாபம். அடிச்சட்டம் துருப்பிடித்து உளுத்துவிட்டது, அல்லது ஒரே ஆண்டில் இயந்திரமும் கியர் பெட்டியும் இரண்டும் போய்விட்டன என்றால் கணக்கு மாறும். அப்போது விடைகொடுப்பதே மேல்.

எங்கே போனாலும் வேலை தொடங்கும் முன் விலையை எழுத்தில் கேட்கவேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி விலை. கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லவேண்டும். "எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்கவேண்டும். இந்தக் கேள்விக்கு ஓர் எண்ணோ ஒரு சோதனையோ பதிலாக வந்தால் நல்ல அறிகுறி. "எங்களுக்குத் தெரியாதா?" என்று பதில் வந்தால் வேறு பட்டறை தேடலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். செய்யாத வேலைக்குக் காசு வாங்கியிருந்தால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 5 வெள்ளி கட்டணத்தில் பதிவுசெய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை, ரசீது தேவை.

சேவை மையத்தைத் தவிர வேறெங்கும் கைவைக்கவே கூடாது என்று நான் சொல்லும் பாகம் காற்றுப்பை. பொட்டோங் கடையில் பழைய காரிலிருந்து கழற்றிய காற்றுப்பை மலிவாகக் கிடைக்கலாம். அதற்குள் இருப்பது வெடிபொருள். அதன் வயதும் அது பட்ட வெயிலும் யாருக்கும் தெரியாது. தக்காத்தா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் காற்றுப்பைகளில் நடந்ததை அறிவியல் மாணவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். பையை ஊதுவதற்கு அவர்கள் பயன்படுத்தியது அம்மோனியம் நைட்ரேட். அதன் படிக அமைப்பு ஏறத்தாழ 32 பாகையில் மாறும், அப்போது கன அளவும் மாறும். பகலில் வெயில், இரவில் குளிர்ச்சி, அதோடு காற்றில் ஈரம் என்று ஆண்டுக்கணக்கில் மாறிமாறிப் பட்டதில் அழுத்திச் செய்த வில்லைகள் சிதைந்தன. சிதைந்த வில்லைக்கு மேற்பரப்பு அதிகம்; மேற்பரப்பு கூடினால் வினையின் வேகமும் கூடும். விபத்தின்போது அது தேவைக்கு மேல் வேகமாக எரிந்து, தன் உலோக உறையையே உடைத்துத் துண்டுகளைப் பயணிமேல் எறிந்தது. 2014 ஜூலையில் சரவாக், சிபுவில் 2003-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டியை ஓட்டிச் சென்ற கர்ப்பிணிப் பெண் ஒருவர் இப்படித்தான் இறந்தார். உலகம் முழுவதும் பல நிறுவனங்களின் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் இருக்கும் நம் நாட்டில், பழைய கார்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். உத்தரவாதம் முடிந்ததும் சேவை மையத்தின் பக்கமே போகாதவையும் இதே பழைய கார்கள்தான். கைமாறி வாங்கிய கார் என்றால் திரும்ப அழைக்கும் கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போயிருக்கும். இந்த மாற்று வேலைக்குச் சேவை மையம் ஒரு காசும் வாங்குவதில்லை. காரின் வயது எவ்வளவு என்றும் பார்ப்பதில்லை. இன்று மாலை அப்பாவிடம் காரின் கிரானைக் கேட்டு வாங்குங்கள். அதில் சேசிஸ் எண் இருக்கும். கார் நிறுவனத்தின் இணையத்தளத்தில் திரும்ப அழைப்புப் பக்கத்தைத் திறந்து அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள், அல்லது சேவை மையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து எண்ணைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.